பயறு விதைக்கு நுண்ணுயிர்ச் சேர்க்கை: ஆய்க்குடி வயல்களை முன்னிட்டுச் சில கருத்துகள்

குற்றால மலைகளுக்குக் கீழ்ப்புறத்தில், அனுமன் நதியின் நீரையும் குளத்து நீரையும் நம்பிப் பயிரிடும் ஊர்களுள் ஆய்க்குடியும் ஒன்று. பிசான நெல்லை அறுத்து வைக்கோலைப் போராக ஏற்றியபின், நிலத்தில் எஞ்சிய ஈரத்தை வீணாக்காமல் உளுந்தோ பாசிப்பயறோ விதைப்பது அப்பக்கத்துக் குடியானவர்களுக்குப் புதிய வழக்கமன்று. மானாவாரிப் புஞ்சைகளிலும் புரட்டாசி மழையை எதிர்நோக்கிப் பயறு விதைக்கப்படுகிறது. பயறு விதைத்தால் நிலம் தேறும் என்பது முன்னோர் கண்ட உண்மை. அதன் காரணம் வேரில் இருக்கிறது. ஆயினும் அவ்வேரைத் தோண்டிப் பார்த்தவர்கள் மிகச் சிலரே.

இப்போது பயறு விதையுடன் கலப்பதற்கென்று 200 கிராம் எடையுள்ள ஒரு பொட்டலம் விவசாய இலாகாவின் டெப்போக்களிலும் உரக்கடைகளிலும் கிடைக்கிறது. கறுப்புத் தூளாகிய அதில் ரைஸோபியம் என்னும் நுண்ணுயிர் இருப்பதாக மேலே அச்சிட்டிருக்கிறது. இப்பொட்டலத்தைப்பற்றிக் கிராமங்களில் இருவகை அபிப்பிராயங்கள் நிலவுகின்றன. இதனைக் கலந்துவிட்டால் உரமே வேண்டுவதில்லை என்பார் ஒரு சாரார். இது வெறும் கரித்தூள். பாட்டன்மார் இதைக் கலந்தா பயறு விளைவித்தார்கள் என்று கேட்பார் மற்றொரு சாரார். இவ்விரு கட்சியாரும் வேரைப் பாராமலே தீர்ப்புச் சொல்லுகின்றனர். பொட்டலத்தை வழங்கிக் கணக்கெழுதும் உத்தியோகஸ்தர்களும் பெரும்பாலும் வேரைப் பார்ப்பதில்லை என்பதையும் ஒளிக்காமல் சொல்லவேண்டும். தவறு இங்கேதான் தொடங்குகிறது.

காற்றில் ஐந்தில் நான்கு பங்கிற்குச் சற்றுக் குறைவாக நைட்ரஜன் இருக்கிறது. ஒரு ஏக்கர் நிலத்தின்மீது நிற்கும் காற்றில் மட்டும் 30,000 டன்னுக்குக் குறையாத நைட்ரஜன் உண்டு. அவ்வளவும் தலைக்குமேல் இருக்க, நெற்பயிர் ஒரு மூட்டை யூரியாவுக்கு ஏங்கி மஞ்சளித்து நிற்கிறது. ஏனெனில் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பயிர் நேரே உட்கொள்ள இயலாது. அதனைத் தழைச்சத்தாக மாற்றித் தரும் வல்லமை சில நுண்ணுயிர்களுக்கே உண்டு. அவற்றுள் ரைஸோபியம் இனத்தைச் சேர்ந்தவை பயற்றின் வேர்மயிர் வழியாக உட்புகுந்து, அங்கே முடிச்சுகளை உண்டாக்கிக் குடியேறுகின்றன. செடி தன் இலையில் சமைத்த சர்க்கரையை அவற்றுக்கு ஊட்டுகிறது. அவை செடிக்குத் தழைச்சத்தைக் கொடுக்கின்றன. வேலை செய்யும் முடிச்சை நகத்தால் கிள்ளிப் பார்த்தால் உட்புறம் இளஞ்சிவப்பாக இருக்கும். அந்நிறம் நமது இரத்தத்தின் செம்மைக்குக் காரணமான பொருளுக்கு ஒப்பான ஒரு பொருளினால் ஏற்படுவது. அச்செம்மை இல்லாத முடிச்சு, செடியின் சர்க்கரையைத் தின்றுகொண்டு வேலை செய்யாதிருக்கும் குடித்தனக்காரனைப் போன்றது.

இவ்விஷயம் விஞ்ஞானிகளுக்குத் தெளிவானது 1886-ஆம் வருஷத்தில். ஜெர்மனியில் ஹெல்ரீகல் என்பவர் வில்ஃபார்த் என்பவருடன் சேர்ந்து செய்த சோதனைகளால், பயற்றுச் செடி காற்றின் நைட்ரஜனைப் பெறுவது வேர் முடிச்சுகளின் வழியாகவே என்பதை நிரூபித்தார். 1888-இல் ஹாலந்து தேசத்து பெய்ஜெரிங்க் அந்நுண்ணுயிரைத் தனியே பிரித்து வளர்த்தார். எட்டு வருஷங்களுக்குள், அதாவது 1896-இல், நோப்பே, ஹில்ட்னர் என்னும் இரு ஜெர்மானியர்கள் ‘நைட்ராஜின்’ என்ற பெயரால் அதனை விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். வாங்கிய குடியானவர்களுள் பலர் பயன் காணாது கைவிட்டனர்.

அதற்குப்பின் அமெரிக்காவில் நிகழ்ந்தது இன்னும் கவனிக்கத்தக்கது. அந்நாட்டு விவசாய இலாகாவைச் சேர்ந்த ஜார்ஜ் மூர் என்பவர், இந்நுண்ணுயிரைப் பஞ்சில் தோய்த்து உலர்த்திச் சிறு பொட்டலங்களாகத் தபாலில் அனுப்பும் முறையை ஏற்படுத்தினார். 1904-ஆம் வருஷத்தில் பத்திரிகைகள் அதனை ஓர் அற்புதமாகப் புகழ்ந்தன. பொட்டலம் கேட்டுக் கடிதங்கள் குவிந்தன. 1905-இல் நியூயார்க் ராஜ்யத்து ஆராய்ச்சி நிலையத்தார் அப்பஞ்சுப் பொட்டலங்களை வாங்கிச் சோதித்தபோது, அவற்றில் உயிர் அநேகமாக இல்லை என்று கண்டனர். உலர்ந்தபோதே நுண்ணுயிர்கள் மடிந்துவிட்டிருந்தன. ஹெல்ரீகல் கண்ட உண்மையில் பிழையில்லை; நுண்ணுயிரின் குணத்திலும் பிழையில்லை. உயிருள்ள பொருளை உயிரற்ற சரக்கைப்போல் கட்டி அனுப்பியதே பிழை. இப்பிழை அமெரிக்காவோடு ஒழிந்ததாக எண்ணுவதற்கில்லை.

நமது தேசத்தில் பூசா விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் என். வி. ஜோஷி என்பவர் பயறு வகைகளின் வேர் முடிச்சு நுண்ணுயிரை ஆராய்ந்து 1920-இல் தம் முடிவுகளை வெளியிட்டார். வியாபார முறையில் உற்பத்தி 1956-இல் தொடங்கிற்று. 2006-ஆம் வருஷத்தில் இவ்வகை உயிர் உரங்கள் மத்திய சர்க்காரின் உரக் கட்டுப்பாட்டு உத்தரவின்கீழ்க் கொண்டுவரப்பட்டன. தூள் வடிவிலுள்ள ரைஸோபியத்தில் ஒரு கிராமுக்கு 5 கோடி உயிரணுக்களாவது இருத்தல்வேண்டும் என்பதும், பொட்டலத்தின்மேல் எழுதியுள்ள பயிரின் வேரில் அது முடிச்சு உண்டாக்கிக் காட்டவேண்டும் என்பதும் அவ்வுத்தரவு விதித்தவை. சட்டம் நல்ல சட்டமே. ஆனால் உற்பத்திசாலையில் எண்ணிய 5 கோடி, ஆய்க்குடி வயலின் வரப்புக்கு வந்து சேரும்போது எத்தனை என்பதே கேள்வி.

இதற்கு ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 200 கிராம் பொட்டலம் விதிப்படி இருந்தால் அதில் 1,000 கோடி உயிரணுக்கள் உண்டு. ஏக்கருக்கு 8 கிலோ உளுந்து விதைத்தால், உத்தேசமாக 1,80,000 விதைகள். ஆகவே விதை ஒன்றுக்குச் சுமார் 55,000 நுண்ணுயிர்கள் வீதம் ஒட்டிக்கொள்ளும். இது தாராளமான படை. அதே பொட்டலம் பங்குனி, சித்திரை வெயிலில் தகரக் கொட்டகையில் கிடந்து, ஆயிரத்தில் ஒன்றே பிழைத்திருக்குமானால், விதைக்கு 55 தான் மிஞ்சும். தூளின் நிறமும் எடையும் மாறுவதில்லை. பொட்டலத்தைக் கையில் எடுத்துப் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றே. சாரல் காலத்தில் தென்காசிப் பக்கம் எவ்வளவு குளிர்ந்திருந்தாலும், பிசான அறுப்புக்குப் பின்வரும் மாதங்கள் அவ்வாறில்லை என்பது அவ்வூரார் அறிந்ததே.

மிஞ்சிய அந்த 55-உம் தனித்து வாழப் போவதில்லை. உளுந்து, பாசிப்பயறு, தட்டைப்பயறு, துவரை, கொள்ளு, நிலக்கடலை, சணப்பு, கொழிஞ்சி ஆகிய இவையெல்லாம் பெரும்பாலும் ஒரே கூட்டத்து நுண்ணுயிர்களால் முடிச்சுப் பெறுபவை. தலைமுறை தலைமுறையாகப் பயறும் நிலக்கடலையும் விளைந்து, தரிசில் கொழிஞ்சி தானே முளைத்துக் கிடக்கும் திருநெல்வேலிச் சீமை மண்ணில், அக்கூட்டத்தார் முன்பே குடியிருக்கின்றனர். பாட்டன்மார் ஒன்றும் கலவாமல் விளைவித்தது இதனால்தான். அவர்கள் கட்சியில் இவ்வளவு நியாயம் உண்டு. ஆனால் மண்ணில் இருக்கும் நுண்ணுயிர் யாவும் உழைப்பாளிகள் அல்ல. சில வகை நிறைய முடிச்சு உண்டாக்கும், கொஞ்சமே தழைச்சத்துக் கொடுக்கும். பொட்டலத்தில் உள்ளவை உழைப்புக்கென்று பொறுக்கி எடுக்கப்பட்டவை, ஆயினும் வந்தேறிகள். ஊர்க்குடிகள் திரளாக உள்ள இடத்தில் ஐம்பது பேர் போய் இடம் பிடிப்பது எங்ஙனம்?

மண்ணில் முன்பே முடிச்சு நுண்ணுயிர் இருந்தால் சேர்க்கை வீண் என்றும் ஒரேயடியாக முடிவு கட்டலாகாது. ஐதராபாத்துக்கு அருகே பட்டன்செருவில் உள்ள சர்வதேச ஆராய்ச்சி நிலையத்தார் பொறுக்கிய என்.சி. 92 என்னும் வகை, அத்தகைய நிலங்களிலும் சில சோதனைகளில் ஒரு குறிப்பிட்ட நிலக்கடலை ரகத்தின் மகசூலைக் கூட்டியது. எல்லா ரகங்களிலும் அவ்வாறு கூட்டவில்லை. நெல்வயலில் மாதக்கணக்காக நீர் தேங்கிக் காற்றுப் புகாதிருப்பதால், பயற்று நுண்ணுயிர்களின் தொகை குறையவும் கூடும். ஆதலால் பிசான வயலின் நிலைமையும் அதனை அடுத்த புஞ்சையின் நிலைமையும் ஒன்றாயிருக்க வேண்டுவதில்லை. ஆய்க்குடியில் இன்னார் வயலில் பொட்டலம் பயன் தருமா என்பதற்குக் கோயம்புத்தூரிலிருந்தோ டில்லியிலிருந்தோ விடை வருவது அரிது. அந்த வயலின் வேரே சொல்லவேண்டும்.

வேரை எங்ஙனம் கேட்பது? விதைத்த 30 முதல் 35 நாட்களுக்குள், பூப் பிடிக்கும் தறுவாயில், மண் ஈரமாயிருக்கும்போது மண்வெட்டியால் செடியைச் சுற்றி அரையடி ஆழம் வெட்டி மண்ணோடு எடுக்கவேண்டும். கையால் இழுத்துப் பறித்தால் முடிச்சுகள் மண்ணிலேயே நின்றுவிடும். வேர் வெறுமையாக இருக்கிறதென்று தவறான முடிவுக்கு வரநேரும். எடுத்த கட்டியை ஒரு வாளி நீரில் வைத்து மெல்ல அலசினால் வேர் வெளிப்படும். ஆணிவேரின் மேற்புறத்தில் திரண்ட முடிச்சுகள் இருந்து, கிள்ளினால் சிவந்திருக்குமாயின் செடிக்குக் குறையில்லை. பொடிப்பொடியாய் வேர் நுனிவரை சிதறி, உள்ளே வெளுத்துக் கிடந்தால், அவை பெரும்பாலும் உழைக்காத கூட்டம். பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் காலம் முடிந்தவை. அறுவடைத் தருணத்தில் தோண்டிப் பார்த்துப் பயனில்லை. காய் முற்றும்போது முடிச்சுகள் தாமே அழிந்துபோம்.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். வேரில் காணும் வீக்கமெல்லாம் நன்மை செய்யும் முடிச்சன்று. நூற்புழு தாக்கினாலும் வேர் வீங்கும். நல்ல முடிச்சு வேரின் பக்கத்தில் ஒட்டியிருக்கும். விரலால் தள்ளினால் எளிதில் உதிரும். புழுவினால் வந்த வீக்கமோ வேரே பருத்து உண்டானது. அதனைப் பிரித்தெடுக்க இயலாது. இவ்விரண்டையும் மாறாட்டமாய்க் கொண்டு, புழு பிடித்த செடியைக் கண்டு மகிழ்வது கூடாது.

வேரைப் பார்க்காமல் விடுவதால் நேரும் நஷ்டம் என்னவெனில், பயறு விதைத்தாலே நிலம் தேறிவிடும் என்ற நம்பிக்கை, முடிச்சு வேலை செய்யாத வயலில் பொய்யாகிவிடுகிறது. ஏக்கருக்கு 3 குவிண்டால் உளுந்து கண்டால், அந்த மணிகளில் மட்டும் சுமார் 11 கிலோ நைட்ரஜன் வயலைவிட்டு வெளியேறுகிறது. இது 45 கிலோ யூரியா மூட்டையில் பாதிக்குச் சற்று அதிகம். முடிச்சு உழைத்திருந்தால் அதில் பெரும்பகுதி காற்றிலிருந்து வந்ததாகும். உழைக்காவிடில் அவ்வளவும் மண்ணிலிருந்து எடுத்ததே. செடியை வேரோடு பறித்துக் களத்துக்குக் கொண்டுபோய், பொட்டும் கொடியும் மாட்டுக்குப் போட்டு, அம்மாட்டுச் சாணத்தையும் அந்த வயலுக்குத் திருப்பாவிட்டால், முன்னோர் வாக்கை நம்பியவர் கார் பருவத்தில் மெலிந்த நிலத்தில் நாற்று நடுவார். பாட்டன்மார் பயறு விதைத்ததோடு நில்லாமல், எருவும் அடித்தார்கள், கொழிஞ்சியும் மிதித்தார்கள். பயற்றைத் தரையோடு அறுத்து வேரை நிலத்திலேயே விட்டுவிடுவது சிறு காரியமே ஆயினும் செய்யத்தக்கது.

பொட்டலம் கலக்கும் முறையைப்பற்றி நீட்டிச் சொல்ல வேண்டுவதில்லை. ஹெக்டேருக்கு 600 கிராம், அதாவது ஏக்கருக்கு ஒரு பொட்டலத்துக்குச் சற்று மேல், ஆறிய அரிசிக் கஞ்சியில் குழைத்து விதையில் தடவி, அரைமணி நேரம் நிழலில் உலர்த்தி, 24 மணி நேரத்துக்குள் விதைக்கவேண்டும் என்பதை இலாகாவின் துண்டுப் பிரசுரங்கள் எல்லாம் சொல்லுகின்றன. கஞ்சி ஆறியிருக்கவேண்டும் என்பதையும், உலர்த்துவது நிழலில் என்பதையும் இருமுறை படிப்பது நலம். பூஞ்சாண மருந்து தடவுவோர் அதனை ஒருநாள் முன்னதாகச் செய்துவிடவேண்டும். இரண்டையும் ஒரே பாத்திரத்தில் கலப்பது, விருந்தாளியை அழைத்துச் சோற்றில் விஷம் வைப்பதற்கு ஒப்பாகும். வெளுத்த முடிச்சு கண்ட வயல்களில் விதையில் தடவுவதோடு, ஏக்கருக்கு 4 பொட்டலத்தை 10 கிலோ மக்கிய தொழுவுரத்துடனும் 10 கிலோ மண்ணுடனும் கலந்து விதைக்குமுன் தூவுவது, வந்தேறிகளின் படையைப் பெருக்கும் வழியாகும். ஈரம் இல்லாத நிலத்தில் இது வீண்செலவு. கொண்டைக்கடலைக்கும் சோயாவுக்கும் உரிய நுண்ணுயிர்கள் வேறு. அப்பொட்டலங்களை உளுந்துக்கு வாங்கலாகாது.

யூரியாவைப்பற்றி ஒரு வார்த்தை. பயிர் வெளிறிக் கண்டவுடன் யூரியாவைத் தூவுவது பலருக்கும் கை வந்த பழக்கமாகிவிட்டது. மண்ணில் தழைச்சத்து மிகுந்திருந்தால் பயற்றுச் செடி நுண்ணுயிரை அழைப்பதில்லை. கேட்காமலே சோறு வரும்போது குடித்தனக்காரனுக்கு இடங்கொடுப்பார் யார்? இறவைப் பயறுக்கு ஹெக்டேருக்கு 25 கிலோ தழைச்சத்தும் 50 கிலோ மணிச்சத்தும், மானாவாரிக்கு இவற்றில் பாதியும் அடியுரமாகப் போதும் என்பது சர்வகலாசாலையின் சிபாரிசு. இதில் மணிச்சத்தைக் குறைத்துத் தழைச்சத்தைக் கூட்டுவது தலைகீழான காரியம். மணிச்சத்து இல்லாமல் முடிச்சு திரள்வதுமில்லை, உழைப்பதுமில்லை.

இனி இலாகாவின் பங்கு. எத்தனை பொட்டலம் விநியோகமாயிற்று என்ற பத்தி ரிஜிஸ்தரில் நிறைந்திருக்கிறது. எத்தனை வேரில் முடிச்சுச் சிவந்தது என்பதற்குப் பத்தியே இல்லை. விதையும் மருந்தும் வாங்கும்போது கூடவே தள்ளிவிடும் இனாமாகவோ கட்டாயமாகவோ இப்பொட்டலம் இருக்கும்வரையில், அது தாழ்வாரத்து எரவாணத்தில் செருகப்பட்டு அடுத்த வருஷம் குப்பையில் சேர்வதே நடக்கும். குடியானவரை இதற்காகக் குறை கூறுவது நியாயமன்று. உயிருள்ளது என்று அவருக்கு யாரும் காட்டவில்லை. பயறு விதைப்புக்கு இரண்டு வாரம் முன்னதாக உற்பத்தியானதையே அந்தந்த ஊருக்கு அனுப்புவதும், வெயில் படாத குளிர்ந்த அறையில் வைப்பதும், தேதி கடந்ததைக் கணக்கில் காட்டுவதற்காக வழங்காமல் அழித்துவிடுவதும் செலவு மிகுந்த காரியங்கள் அல்ல. இப்போது திரவ வடிவிலும் இந்நுண்ணுயிர் கிடைக்கிறது. அது தூளைவிட நெடுநாள் உயிரோடிருக்கும் என்பதால், தொலைவான ஊர்களுக்கு அதுவே சிலாக்கியம்.

ஆடி, ஆவணியில் சுந்தரபாண்டியபுரத்துப் பக்கம் சூரியகாந்தி பூத்தால் படம் பிடிக்க வெளியூரார் வண்டி வண்டியாய் வந்து இறங்குகின்றனர். மாசியில் உளுந்தின் வேரைப் பார்க்க ஒருவரும் வருவதில்லை. வரவேண்டியவர்கள் வெளியூராருமல்லர். ஆய்க்குடியில் பயறு விதைக்கும் ஒவ்வொருவரும் வயலின் ஒரு மூலையில் பத்தடிக்குப் பத்தடி அளவில் பொட்டலம் கலவாத விதையை விட்டுவைத்தால் போதும். கலவாத விதையை முதலில் விதைத்துவிட்டுப் பிறகு கலந்ததைத் தொடுவது முக்கியம். இல்லாவிடில் கையோடு நுண்ணுயிர் அங்கும் சென்றுவிடும். முப்பதாம் நாள் விவசாய உத்தியோகஸ்தர் ஒரு மண்வெட்டியும் வாளியும் கொண்டுவந்து, இரு பக்கத்திலும் ஐந்தைந்து செடி தோண்டி அலசி, வரப்பில் வரிசையாக வைக்கட்டும். இரு பக்கமும் சிவந்திருந்தால், அந்த வயலுக்கு அடுத்த வருஷம் பொட்டலம் வேண்டியதில்லை என்று அவரே சொல்லவேண்டும். கலந்த பக்கம் மட்டும் சிவந்திருந்தால் குடியானவர் கேட்டு வாங்குவார். இரு பக்கமும் வெளுத்திருந்தால், அப்பொட்டலங்களில் மீதி ஒன்றைப் பரிசோதனைச்சாலைக்கு அனுப்பி, அதில் எத்தனை உயிர் இருந்தது என்று எண்ணி, அந்த எண்ணிக்கையை விநியோகப் பத்திக்குப் பக்கத்திலேயே எழுதி வைக்கவேண்டும்.